காலண்டர் ஆணி

அந்தச் சலவைக்கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். ஊதும், அவ்வளவுதான். யாரும் அசைய மாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாள் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள். நாற்பது ஜோடிக் கண்கள் ஒரு தரம் அவர்கள் மேல் விழுந்து மீளும். மறுநாளிலிருந்து அவர்களுக்கும் காது கேட்காமல் போய்விடும்.

ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் விரிப்புகளும் வந்து வெளுத்துப் போகிற இடம் அது. பின்பக்கம் அழுக்கு மூட்டை பிரிக்கிற கொட்டகை. அதை ஒட்டி ஆளுயரத் தொட்டி மிஷின்கள் ஐந்து. பிழிகிற மிஷின்கள் இரண்டு. அவை சுற்றும்போது தரை நடுங்கும். தெருவைப் பார்த்த ஜன்னலோரத்தில் ரோலர், நீராவியில் கொதிக்கிற இரண்டு நீள உருளைகள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்து ஈரப் போர்வையை உள்ளே கொடுப்பார்கள். அந்தப் பக்கம் விறைப்பாக வருவதை இன்னும் இரண்டு பெண்கள் வாங்கி மடிப்பார்கள். ஒற்றை ஆளால் அங்கே ஒன்றும் ஆகாது. போர்வைக்கு நாலு முனை, மனுஷிக்கு இரண்டு கை.

வாசலில் ஒரு பலகை. ஆளுக்கொரு எண், எண்ணுக்கொரு ஆணி, ஆணிக்கொரு பித்தளை டோக்கன். காலையில் எடுத்து இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டும், போகும்போது மாட்டிவிட்டுப் போக வேண்டும். பலகைக்கு மேலே, கொஞ்சம் தள்ளி, எண் இல்லாத ஆணி ஒன்று உண்டு. எந்தக் காலத்திலோ காலண்டர் மாட்ட அடித்தது. அன்றைக்குக் கடைசியாகப் போகிறவர் தன் டோக்கனை அதில்தான் மாட்ட வேண்டும். மறுநாள் காலையில் வருகிற எல்லோரும் அண்ணாந்து ஒரு தடவை பார்ப்பார்கள். சனிக்கிழமை மதியம், அந்த வாரம் அதிக நாள் ஆணியைப் பிடித்தவருக்கு எல்லோரும் நின்று கை தட்டுவார்கள்.

இது முதலாளி கொண்டுவந்த சட்டம் என்றுதான் நினைக்கத் தோன்றும். இல்லை. கொண்டுவந்தவள் மேஸ்திரியம்மாதான்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் வெறும் மடிப்புக்காரி. பேய்மழை பெய்த ஒரு நாள், எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். பிரசவ வார்டுப் போர்வைகள் ஈரமாகக் கிடந்தன. அவள் ஒருத்தியே நின்று எட்டு மணி வரைக்கும் காயவைத்து மடித்துப் போட்டாள். போகும்போது கரண்ட் இல்லை. கைக்கு அகப்பட்ட ஆணியில் டோக்கனை மாட்டிவிட்டுப் போய்விட்டாள். காலையில் பெரிய முதலாளி, "இது யாருதுடா, காலண்டர் ஆணியில?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் எல்லோரையும் கை தட்டச் சொன்னார். மறு வருஷம் அவளை மேஸ்திரி ஆக்கினார்கள். அந்தக் கைத்தட்டல் அவள் காதிலேயே நின்றுவிட்டது. எல்லோருக்கும் அது கிடைக்கட்டும் என்று, நல்ல எண்ணத்தில்தான், சனிக்கிழமை வழக்கத்தை ஆரம்பித்தாள். நல்ல எண்ணத்தில் செய்கிற காரியம்தான் மனுஷனை ரொம்பப் படுத்துகிறது.

அப்புறம் என்ன? மேஸ்திரி நிற்கும்போது மற்றவர்கள் எப்படிப் போவது? மற்றவர்கள் நிற்கும்போது மேஸ்திரி எப்படிப் போவது? ஆப்பைப் பிடுங்கின குரங்கு கதைதான். ஐந்து மணி ஆறாயிற்று, ஆறு ஏழாயிற்று. பெரிய முதலாளி செத்து, பிள்ளை சின்ன முதலாளியாக வந்து உட்கார்ந்தார். ஐந்துக்கு மேல் வேலை செய்யச் சொல்லி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே.

வருஷக் கடைசியில் நல்ல வேலைக்காரருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு. மேஸ்திரியம்மா வீட்டில் ஒன்பது கடிகாரங்கள் இருந்தன. ஒன்று சுவரில், எட்டு கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில்.

"வீடு முழுக்கக் கடிகாரம். உனக்கு மட்டும் நேரமில்ல" என்பார் அவள் புருஷன்.

அவர் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்காரர். முக்காலியில் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிற உத்தியோகம். ஐந்து அடித்தால் முக்காலியை மடக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார். வந்து சோறு வடிப்பார், கீரை ஆய்வார், மாடிப்படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தாயம் ஆடுவார். வாழ்க்கையில் மேலே வரத் தெரியாத மனுஷன் என்று மேஸ்திரியம்மாவின் அண்ணன்மார் சொல்வதுண்டு. அவர் காதிலும் விழும். "நானா? ஒரு நாளைக்கு நூறு தடவ பதினாலாவது மாடிக்குப் போறவன்யா நான். அங்க பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் எறங்கி வந்துடறேன்."

அவளுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. குடும்பத்தில் ஒருத்தராவது பெயர் சொல்லும்படி இருக்க வேண்டாமா என்று அவள் நினைத்தாள். அந்த ஒருத்தி தான்தான் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

மகன் வெளியூர் லாரி ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு ஒரு தரம் வந்து தூங்கிவிட்டுப் போவான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கல்யாணமானது. வந்த மருமகள் இரண்டாம் மாசமே, "நானும் உங்ககூட வர்றேன் அத்தை" என்று கிளம்பினாள். ஒல்லியான பெண், வேகமான கை. ஆறே மாசத்தில் ரோலருக்கு வந்துவிட்டாள். அத்தை இருக்கிற வரைக்கும் அவளும் இருப்பாள். இரண்டு பேரும் ஒன்றாக ஏழே முக்கால் பஸ்ஸில் வீட்டுக்கு வருவார்கள். லிஃப்ட்காரர் மூடிவைத்த சோற்றை எடுத்துப்போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவக்கூடத் தெம்பில்லாமல் படுப்பார்கள். மேஸ்திரியம்மாவுக்கு அதில் ஒரு திருப்தி. தனக்குப் பின்னால் ஆள் இருக்கிறது.

அன்று திங்கட்கிழமை. மாலை ஆறு முப்பத்தைந்து. நேரம் மேஸ்திரியம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும், அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வண்டித் துணி இருக்கு, கைய ஓட்டுங்கடி" என்று சத்தம் போட்டிருந்தாள். ரோலரில் ஒரு போர்வையின் முனை மடங்கி உள்ளே போயிற்று. விட்டிருந்தால் ஒரு சுருக்கம் விழுந்திருக்கும், அவ்வளவுதான். மருமகள் அதை நேராக்கக் கையை நீட்டினாள். காலையில் என்றால் நீட்டியிருக்க மாட்டாள். பதினோரு மணி நேரம் நின்ற கால், கையிடம் புத்தி சொல்லவில்லை.

தடுப்புக் கம்பியில் கை பட்டு ரோலர் நின்றது. நின்றதால் விரல்கள் மிஞ்சின. இடது கை நாலு விரலும் புறங்கையில் பாதியும் வெந்துபோயின. எதிர் முனையைப் பிடித்திருந்தவள் வெடுக்கு. வெடுக்கென்று பேசுவதால் வந்த பெயர் அது. அவள்தான் பாய்ந்து ரோலரைத் தூக்கிவிட்டாள். மருமகள் கத்தவில்லை. "போர்வை கறையாயிடுச்சா அத்தை?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, விபத்துப் பதிவு நோட்டை எடுத்து எழுதினாள் மேஸ்திரியம்மா. நேரம் என்ற கட்டம் வந்தது. ஐந்து மணிக்கு மேல் அங்கே யாரும் வேலை செய்வதில்லை என்பது ஐதீகம். சம்பளச் சீட்டிலும் இல்லை, சட்டப் புத்தகத்திலும் இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. 'மாலை 4.40' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் சின்ன முதலாளி ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். லிஃப்ட்காரர் வேலையில் இருந்தார், மகன் லாரியோடு வெளியூரில். மருமகள் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரும்மா, உக்காரு" என்றார் முதலாளி. "இப்ப வலி எப்படி?"

"ஒண்ணுமில்லைங்க. திங்கக்கிழமை வந்துடுவேன்."

"அவசரமில்ல. ஆனா இந்த மனசு இருக்கு பாருங்க மேஸ்திரியம்மா, இது எங்க கெடைக்கும்? உங்க வளர்ப்பு!" அவர் குரலைத் தாழ்த்தினார். "நோட்ட பாத்தேன். நாலு நாப்பதுன்னு எழுதியிருந்தீங்க. சமயத்துல எது முக்கியம்னு உங்களுக்குத்தான் தெரியும். அதனாலதான் சொல்றேன். ரெண்டாவது யூனிட் தொறக்கப் போறேன். மேனேஜர் நீங்கதான். தனி ரூம், தனி போனு. உங்க எடத்துக்கு இங்க ஒரு மேஸ்திரி வேணும். யாருன்னு ஆணியே சொல்லட்டும். வர்ற திங்கக்கிழமை உங்க பதில சொல்லுங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். அவளுக்கோ தொண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. முதலாளி போனதும் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"அத்தை, மேனேஜர்!"

"ம்."

"உங்க எடத்துக்கு ஆணிதான் சொல்லணுமாம். கேட்டீங்களா?"

சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்து, ஆப்பிளை நறுக்கி இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, முழுக்கதையும் கேட்டார். வழக்கமாக ஏதாவது கேலி சொல்கிறவர் அன்றைக்குச் சொல்லவில்லை. மருமகள் தூங்கின பிறகு அடுப்படியில் வந்து நின்றார்.

"நாலு நாப்பதுன்னா எழுதின?"

"வேற என்ன எழுதச் சொல்றீங்க? அஞ்சு மணிக்கு மேலன்னு எழுதினா ஆயிரம் கேள்வி வரும். அவளுக்கும் கஷ்டம், கம்பெனிக்கும் கஷ்டம்."

"அவளுக்கு என்ன கஷ்டம்? கை வெந்தத விடவா?"

அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

"உன்ன ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. நம்ம பையன் மொதல் தடவ நடந்தானே, அது எந்தக் கெழமைன்னு தெரியுமா உனக்கு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"புதன்கிழமை. அஞ்சரை மணி. இந்த வாசப்படியில. நான் பாத்தேன். நீ வந்ததும் சொன்னேன். 'சரி'ன்னுட்டுப் படுத்துட்ட. உன்ன கொற சொல்லல. நீயும் பாத்திருக்கலாமேன்னு அன்னைக்கு எனக்கு இருந்தது. இன்னைக்கும் இருக்கு. அவ்வளவுதான்."

தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். அழுகை வந்தது. அழவில்லை. இருபத்தாறு வருஷம் ஒரு இடத்தில் நின்ற பிறகு, நின்றது தப்பு என்று யாராவது சொன்னால் அழக்கூட இடமில்லை. வேறு எங்கே போய் நிற்பது?

திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் மருமகள் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையாலேயே தலை வாரியிருந்தாள், வகிடு கோணலாக இருந்தது.

"டாக்டர் ரெண்டு வாரம் சொன்னாரேம்மா."

"மூட்டையில சீட்டு ஒட்டறதுக்கு ஒரு கை போதும் அத்தை. நான் இல்லாத நாளெல்லாம் ஆணியில வேற யாரோ மாட்டிட்டு இருப்பாங்க."

"போனா போகட்டும். என்ன பெரிய ஆணி!"

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, ஆச்சரியமா என்று தெரியவில்லை.

"நீங்களா சொல்றீங்க? எங்க வீட்ல நான் மூணாவது பொண்ணு. ஒண்ணுக்கும் ஒதவாதவன்னுதான் கூப்புடுவாங்க. இது வரைக்கும் எனக்குன்னு யாரும் கை தட்டினதில்ல. போன மாசம் ஒரு வாரம் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப நான் மூணு நாள் ஆணியில மாட்டினேன். சனிக்கிழமை எல்லாரும் தட்டினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. உங்களுக்கு அது பழகிப்போச்சு. எனக்கு இப்பத்தான வருது?"

தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே அது ஆளை மாற்றிச் சுட்டிருந்தது. மேஸ்திரியம்மா சீப்பை வாங்கி, அவள் வகிட்டை நேராக எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் நாலரைக்கு முதலாளி அறைக்குப் போனாள். நோட்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.

"வாங்க மேனேஜரம்மா!" என்றார் அவர்.

"எனக்கு வேண்டாங்கய்யா."

"என்ன வேண்டாம்?"

"அந்த வேலை. நான் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகணுங்க. இன்னையிலேர்ந்து."

முதலாளி சிரித்தார். "யாரு வேண்டாங்கறா? நான் என்னைக்காவது இருக்கச் சொன்னேனா? சங்கு அஞ்சு மணிக்குத்தான ஊதுது?"

அது உண்மைதான். கையைக் கட்டிப்போட்ட கயிறு எங்கே என்று தேடினால், அது தன் சேலைத் தலைப்பாக இருந்தது. அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நோட்டைத் திறந்தாள். 4.40-ஐக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 6.35 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"இருபத்தாறு வருஷம்" என்றார். "எங்கப்பா இருந்திருந்தா வருத்தப்பட்டிருப்பாரு."

"எனக்கும் வருத்தந்தாங்கய்யா."

"நாளையிலேர்ந்து அழுக்கு பிரிக்கிற எடத்துக்குப் போங்க. மேஸ்திரி வேலைக்கு ஆள் பாத்துக்கறேன்."

"சரிங்கய்யா."

வெளியே வந்தாள். ஐந்து மணி. சங்கு ஊதிற்று. அது எவ்வளவு நீளமாக ஊதுகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள். பையை எடுத்துக்கொண்டு, ரோலரையும் மடிப்பு மேசையையும் தாண்டி, நடுக்கூடத்தின் வழியாக நடந்தாள். தான் போனால் மற்றவர்களும் போவார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பூட்டினவள் திறந்தால் திறக்காதா? பலகையில் தன் எண்ணில் டோக்கனை மாட்டினாள். திரும்பிப் பார்த்தாள். நாற்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையும் வேலையை விடவில்லை.

"உடம்பு சரியில்லையாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன். மணி அஞ்சாச்சு. வாங்களேன், போலாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அவள் விளையாடுகிறாள் என்று. மருமகள் குனிந்து மூட்டைகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அந்த வாரம் நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மேஸ்திரி இருந்தவரை, கடைசியாகப் போவது யார் என்பதில் சந்தேகமே கிடையாது. அவள் பையை எடுத்ததும் மற்றவர்கள் அவளுக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். இப்போது ஆணி அநாதையாக நின்றது. மேஸ்திரி வேலையும் அதில்தான் தொங்கிற்று. ஏழே முக்கால் என்பது எட்டாயிற்று. மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தார்கள். கக்கூஸில் ஒளிந்திருந்து, எல்லோரும் போனதும் வந்து மாட்டினாள் ஒருத்தி. காவலாளி விளக்கை அணைத்த பிறகும் வாசலில் மூன்று பேர், "நீ போ", "பரவால்ல, நீ போ" என்று கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி உபசாரம் பண்ணிக்கொண்டு நின்றார்கள். கொட்டகையில் ரத்தக்கறைத் துணிகளைப் பிரித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டாள் மேஸ்திரியம்மா. மேஸ்திரி இல்லாவிட்டாலும் அவளை மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்குக் குறைச்சலில்லை, பேச்சுக்குத்தான் குறைச்சல்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் கூடினார்கள். அந்த வாரம் நாலு நாள் ஆணியைப் பிடித்தது மருமகள்.

கை தட்டினார்கள். முதலாளியே வந்து தட்டினார். மருமகள் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு நின்றாள். கூட்டத்தில் அத்தையைத் தேடினாள். மேஸ்திரியம்மாவும் கை தட்டினாள். தட்டாமல் எப்படி இருப்பது? அந்தப் பெண் தேடியது அந்தக் கைகளைத்தான். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் தன் உள்ளங்கை எரிவது போல இருந்தது அவளுக்கு.

அடுத்த திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வெளியே வந்தவள் பஸ் ஏறவில்லை. வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்தாள். ஒரு பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது, போயிற்று. ரோலர் ஜன்னலில் நீராவி படிந்திருந்தது. உள்ளிருந்து யாரோ கையால் துடைத்துப் பார்த்தார்கள்.

எட்டு மணிக்கு மருமகள் வந்தாள்.

"அத்தை! நீங்க போகல?"

"நீ வரலையே."

"மூணு மணி நேரமாவா உக்காந்திருக்கீங்க?"

"ஆமா."

"எதுக்கு? என்ன அவமானப்படுத்தறதுக்கா?"

"இல்லம்மா. மூடி வச்ச சோத்த நீ தனியா எடுத்துப்போட்டுத் திங்கறது எனக்குப் பிடிக்கல. உங்கூடத் திங்கணும்."

"அதுக்காக ரோட்ல உக்காருவீங்களா? பாக்கறவங்க என்ன சொல்வாங்க? மாமியார வாசல்ல காக்க வெக்கறான்னு பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்க."

"நீங்க மட்டும் இருபது வருஷம் கை தட்டல் வாங்கிப்பீங்க. எனக்கு வர்றப்ப வந்து குறுக்க உக்காருவீங்க. இது நியாயமா?"

நியாயமில்லைதான். அவள் ஒத்துக்கொண்டாள். "நியாயமில்ல. ஆனாலும் நாளைக்கும் உக்காருவேன்."

செவ்வாய்க்கிழமை மழை. குடை ஒரு பக்கத்தைத்தான் காத்தது. ஜன்னலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெடுக்கு பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ஏண்டி, அந்தம்மா அங்க நனையுது. நீ இங்க எந்த ராஜ்யத்தப் பிடிக்கப்போற?" என்று போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. ஆறு மணிக்கு மருமகள் தடதடவென்று வந்தாள். வழியெல்லாம் குடையை அத்தை பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

புதன்கிழமை, லிஃப்ட்காரர் பிளாஸ்கோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று தம்ளர் வைத்திருந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"புதன்கிழமை அஞ்சரைக்கு நம்ம வீட்ல ஏதாவது நடக்கும். தவற விடக் கூடாதுன்னு வந்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கேலிதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. மருமகள் வெளியே வந்து பலகையில், தன் எண்ணில், டோக்கனை மாட்டினாள். மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அண்ணாந்து காலண்டர் ஆணியைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் தெருவைத் தாண்டி வந்து மாமனாருக்கும் மாமியாருக்கும் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லிட்டேன். எனக்கு மனசு அங்கதான் இருக்கு. நாளைக்கு நான் உள்ளேயே இருந்தாலும் இருப்பேன்."

"இரு. நான் இங்க இருப்பேன்."

"வேலை வேற யாருக்காவது போயிடும் அத்தை."

"போயிடும்" என்றாள் மேஸ்திரியம்மா. இழப்பது இழப்பதுதான்.

லிஃப்ட்காரர் டீயை ஊற்றிக் கொடுத்தார். மருமகள் வலது கையால் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள். வெயில் இன்னும் இருந்தது. சாயங்கால வெயிலில் அவள் முகம் இவ்வளவு வெளிறிப்போயிருப்பதை மேஸ்திரியம்மா முதல் தடவையாகப் பார்த்தாள். வேலைக்கு வந்த ஒன்றேகால் வருஷத்தில், அவளை வெயிலில் பார்த்ததே இல்லை.

"உள்ள இன்னும் எத்தன பேரு?"

"எல்லாரும்தான். நான் மட்டுந்தான் வந்தேன்."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. மருமகள் எழுந்தாள். மேஸ்திரியம்மா எழுந்திருக்கவில்லை.

"என்ன?" என்றார் லிஃப்ட்காரர்.

"இல்ல, அவங்கெல்லாம் வர்ற வரைக்கும்... நான்தான ஆரம்பிச்சேன். நான் இங்க உக்காந்திருந்தா ஒவ்வொருத்தியா வருவாங்களோ என்னமோ. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கடைசியா வர்றேன்."

லிஃப்ட்காரர் பிளாஸ்கின் மூடியை நிதானமாகத் திருகினார்.

"அப்ப ஒண்ணு செய்யலாம். இந்தப் பெஞ்சுக்கு மேல ஒரு ஆணி அடிச்சுடலாமா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரியம்மா அவரை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. பஸ் வந்து நின்றது. மருமகள் தன் நல்ல கையை நீட்டினாள். மேஸ்திரியம்மா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படியில் காலை வைத்தாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும்போது சலவைக்கூடத்துக் கண்ணாடியை உள்ளிருந்து யாரோ முழங்கையால் துடைத்தார்கள். வெடுக்குதான். பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரியம்மா கையைத் தூக்கி, வா என்பது போல ஆட்டினாள். வெடுக்கு பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. அவள் இரண்டு கையிலும் ஈரப் போர்வையின் ஒரு முனை இருந்தது. மறுமுனையை வேறு ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள்.